பால்மரத்தடிப் பெட்டி

“போதும் தினேஸ்” என்று பவித்ரன் வியாழக்கிழமை சாயங்காலம் சொன்னான். முகத்தைப் பார்த்துச் சொல்லியிருந்தால் தினேஸ்வரி சண்டையாவது போட்டிருப்பாள். அவனோ சோற்றுத் தட்டைக் கழுவிக்கொண்டே குழாயைப் பார்த்துச் சொன்னான். குழாயோடு யார் சண்டை போடுவது? அவள் விளக்கை அணைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். அதோடு வீட்டில் பேச்சு நின்றுபோனது.

தினேஸ்வரிக்கு ஈப்போவில் ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலை. வருகிறவர்களின் மூக்கில் கனமான சட்டத்தை மாட்டி, வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, ‘இது தெளிவா, அது தெளிவா’ என்று நாள் முழுக்கக் கேட்பாள். யாரையும் யோசிக்க விடமாட்டாள், பட்டென்று சொல்லிவிட வேண்டும். அப்படிப்பட்டவளை, பிள்ளைக்காக அவர்கள் போய்வருகிற ஆஸ்பத்திரிக்காரர்கள் ஒரே ஒரு கேள்வி கேட்டு மடக்கிவிட்டார்கள். உறைய வைத்த கருக்களில் ஒன்றுதான் மிச்சம். அதை வயிற்றில் வைத்துப் பார்ப்பதா, இத்தோடு விட்டுவிடுவதா? திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். டாக்டர் நல்ல மனுஷி, பொய் சொல்லத் தெரியாதவர். ‘வாய்ப்பு ரொம்பக் கம்மி’ என்று சொல்லிவிட்டு மேசையைப் பார்த்துக்கொண்டார்.

வைத்துப் பார்க்க வேண்டும் என்பது தினேஸ்வரியின் கட்சி. பவித்ரனின் கட்சிதான் குழாயடியில் தெரிந்துவிட்டதே.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் போனை நீட்டினான். “நம்ம பொட்டியப் பத்தி ஒருத்தன் எழுதியிருக்கான். போய்ப் பாத்துட்டு வந்துருவோமா?”

பெட்டி என்றால் எந்தப் பெட்டி என்று சொல்ல வேண்டும். பவித்ரனுக்கு லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை. வாரம் முழுக்க இருட்டுக் குழிக்குள் ஏறி இறங்குகிறவனுக்கு ஞாயிற்றுக்கிழமை வானம் வேண்டும். அதற்காக அவன் பிடித்துக்கொண்ட விளையாட்டுக்கு ஜியோகேஷிங் என்று பெயர். யாரோ ஒருத்தர் எங்கேயோ ஒரு பெட்டியை ஒளித்து வைத்து, அந்த இடத்தின் எண்களை இணையத்தில் போட்டுவிடுவார். இன்னொருத்தர் போனைப் பிடித்துக்கொண்டு தேடிப் போவார். கிடைத்தால் உள்ளே இருக்கிற தாளில் பெயர் எழுத வேண்டும். பெட்டிக்குள் கிடக்கிற சின்னச் சாமான் எதையாவது எடுத்தால் பதிலுக்கு ஒன்றைப் போட வேண்டும். பிறகு பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்த வழியே போய்விட வேண்டும். பரிசு, கிரிசு ஒன்றும் கிடையாது. கல்யாணமான புதிதில் இதைக் கேட்ட தினேஸ்வரியின் அம்மா, ‘பெட்ரோல் என்னா பைப்புலயா வருது?’ என்று மட்டும் கேட்டார்.

நெடுஞ்சாலை பவித்ரனுக்கு ஆகாது. போய்ச் சேர்ந்தால் போதும் என்கிறவர்கள் அதில் போகட்டும் என்பான். கம்பத்துக் கிராமச் சந்து, எண்ணெய் எடுக்கிற செம்பனைக் காட்டு மண்பாதை, ஈயம் தோண்டிய பள்ளங்கள் குளமாகிக் கிடக்கிற கரை என்று வண்டியை விட்டுக்கொண்டே போவான். பேராக் மாநிலத்தில் அவர்கள் போகாத உள்பாதை குறைவு.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் தினேஸ்வரிக்கு முதல் தடவையாகக் கரு தரித்தது. ‘பிள்ளை கைக்கு வர்றதுக்கு முன்னால சாமான் வாங்கி அடுக்காத’ என்று எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள்? இரண்டு பேரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் கடைக்குப் போய் மஞ்சள் வாத்து, நீல பஸ், கிலுகிலுப்பை என்று அள்ளிக்கொண்டு வந்தார்கள். மூன்று மாதத்தில் எல்லாம் முடிந்துபோனது. பொம்மைகள் மட்டும் அலமாரியில் இருந்தன. தூக்கிப் போடவும் மனசு வரவில்லை, வைத்துப் பார்க்கவும் முடியவில்லை. பவித்ரன்தான் அவற்றை ஒரு இறுக்கமான மூடி போட்ட டப்பாவில் அடுக்கி, தாப்பாவுக்குப் போகிற உள்பாதையில் ஏழாங்கட்டைத் தோட்டத்து ரப்பர்ப் பால்மரம் ஒன்றின் வேருக்குள் வைத்துவிட்டு வந்தான். இந்த விளையாட்டில் பெட்டிக்குள் பொம்மை போடுவது வழக்கம். ஏன் போட்டாய் என்று ஒருத்தரும் கேட்க மாட்டார்கள். அதற்குப் பிறகு அவர்கள் அந்தப் பக்கமே போகவில்லை.

இப்போது எவனோ எழுதியிருந்தான்: ‘பெட்டி இருக்கிறது. ஆனால் தொடத் தயக்கமாக இருந்தது. சாமி கும்பிடுகிற இடம் மாதிரித் தெரிகிறது. வைத்தவர்கள் வந்து பார்த்தால் நல்லது.’

தினேஸ்வரி காலணியை மாட்டிக்கொண்டாள்.

பூசிங், பத்து காஜா, தஞ்சோங் துவாலாங் என்று வண்டி போனது. சுண்ணாம்பு மலைகள் பின்னால் போய், தாமரை மண்டிய குளங்கள் வந்தன. வேறொரு ஞாயிறாக இருந்தால் இதற்குள் எங்காவது பாலத்தடியில் இறங்கி, யாராவது பார்த்தால் போன் பேசுகிற மாதிரி நடித்துக்கொண்டு, கல் இடுக்குகளைத் துழாவியிருப்பார்கள். இன்றைக்கு அவன் வண்டியை ஒரு கோப்பிக் கடையில் மட்டும் நிறுத்தினான். பால் சேர்க்காத தே ஓ இரண்டு வந்து, ஆறியும் போனது.

அவள்தான் முதலில் வாயைத் திறந்தாள். “ஒண்ணே ஒண்ணு இருக்கு பவி. அத அப்படியே விட்டுட்டு எப்படி இருக்கறது?”

“போன தடவையும் இதத்தான் சொன்ன.”

“போன தடவ ரெண்டு இருந்துச்சு.”

“தினேஸ், வயித்துல ஊசி குத்தி குத்தி எடமில்லாம போச்சு. நீ படற பாட்ட நாந்தானே பக்கத்துல நின்னு பாக்கறேன்?”

“பாக்கறீங்க, அவ்ளோதான்லா. படறது நானு. ஒங்களுக்கு என்னா வந்துச்சு?”

சொன்ன வேகத்திலேயே அது அதிகம் என்று அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தும் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. பவித்ரன் எழுந்து போய்க் காசு கொடுத்துவிட்டு வந்தான். அதற்கப்புறம் மாலிம் நாவார், காம்பார், தெமோ எல்லாம் சன்னல் வழியே போயின.

ஏழாங்கட்டைத் தோட்டத்தில் இப்போது தோட்டம் என்று எதுவும் இல்லை. தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களை இடித்துவிட்டார்கள். சனங்கள் பெரிய ரோட்டோரத்துத் தாமான் குடியிருப்புக்குப் போய்விட்டார்கள். பால்மரங்களை வெட்டிச் செம்பனை போட்டாயிற்று. எல்லை காட்டும் அளவுக்கல்லுக்கு வெளியே கால்வாய்க் கரையில் நின்றதால் ஒரே ஒரு பால்மரம் மட்டும் தப்பியிருந்தது. வண்டி மண்பாதையில் திரும்பியதும் தினேஸ்வரி அந்த மரத்தைப் பார்த்துவிட்டாள்.

கிளையெல்லாம் தொட்டில்கள். கை அகலத் தொட்டில்கள். சேலைக் கிழிசல், வேட்டித் துண்டு, குழந்தைச் சட்டையின் கை என்று கிடைத்த துணியிலெல்லாம் கட்டியிருந்தார்கள். சிலதில் கூழாங்கல், சிலதில் பிளாஸ்டிக் பாப்பா. காற்றில் எல்லாம் ஆடிக்கொண்டிருந்தன. பிள்ளை வரம் கேட்கிறவர்கள் மரத்தில் தொட்டில் கட்டுவார்கள் என்று யாரும் அவளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. வேறு எந்த மரத்தில் கட்டியிருந்தாலும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போயிருப்பாள். இந்த மரத்தைப் பார்த்ததும் வண்டியை விட்டே இறங்கப் பிடிக்கவில்லை.

பவித்ரன் இறங்கிப் போய்க் குனிந்து பார்த்தான். பிறகு கையால் கூப்பிட்டான்.

வேருக்கு முன்னால் செங்கல் அடுக்கி மேடை கட்டியிருந்தது. நடுவில் அவர்களுடைய டப்பா, மூடியில் மஞ்சள் பூசி. அதைச் சுற்றிச் சாமான்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. மஞ்சள் வாத்துக்குக் குங்குமம், நீல பஸ்ஸுக்குக் குங்குமம். பின்னால் வந்தவர்கள் போட்டுவிட்டுப் போன வெளிநாட்டுக் காசு, கோபுரம் தொங்குகிற சாவி வளையம், தொப்பி போட்ட ஒரு பிளாஸ்டிக் போலீஸ்காரன், ஒருத்தரையும் விடவில்லை. பவித்ரனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாத்தை மறுபடி பார்த்ததும் அந்தச் சிரிப்பு நின்றுபோனது.

“செருப்பு! செருப்ப கழட்டுங்க மொதல்ல!”

மண்பாதையில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. அதிலிருந்து இறங்கியவளுக்கு நாற்பத்தைந்து இருக்கும். தலைக்கவசத்தைக் கழற்றி வண்டிக் கண்ணாடியில் மாட்டினாள். கூடையில் துடைப்பமும் சூடப் பொட்டலமும் இருந்தன. பெயர் காளியம்மா என்றும், காம்பாரில் மாணவர்கள் தங்குகிற வீடுகளைத் துப்புரவு செய்கிற வேலை என்றும், தாமானில் வீடு என்றும் கேட்காமலே சொன்னாள். இரண்டு பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி காலணியைக் கழற்றி ஓரமாக வைத்தார்கள்.

“கட்ட வந்தீங்களா, அவுக்க வந்தீங்களா?”

“சும்மா பாக்க வந்தோம்க்கா” என்றாள் தினேஸ்வரி. “இது என்னா சாமி?”

“பேரெல்லாம் தெரியாது தங்கச்சி.” காளியம்மா இலைகளைக் கூட்டிக்கொண்டே பேசினாள். “இந்தப் பக்கம் ஒரு ஈ காக்கா வராது. திடீர்னு காருல ஆளுங்க வர ஆரம்பிச்சாங்க. சீனவங்க, மலாய்க்காரவங்க, வெள்ளக்காரவங்க. வந்து, தலையக் குனிஞ்சுக்கிட்டு மரத்த சுத்துவாங்க. அப்பறம் முட்டி போடுவாங்க. ஏதோ வைப்பாங்க, ஏதோ எடுப்பாங்க, பேரு எழுதுவாங்க, போயிருவாங்க. நீங்களே சொல்லுங்க, நாங்க என்னா நெனைப்போம்?”

பவித்ரன் தலையைக் குனிந்துகொண்டான். போனில் திசை பார்க்கிறவன் தலையைக் குனிந்துகொண்டு மரத்தைச் சுற்றத்தான் செய்வான். வேருக்குள் இருப்பதை எடுக்க முட்டி போடத்தான் வேண்டும். இந்தப் பக்கத்தில் யார் பார்த்தாலும் இதைத்தான் நினைப்பார்கள்.

“அப்பறம் ஒரு நா நானே போயித் தொறந்து பாத்தேன். அத்தனையும் பொம்ம! அப்படியே ஒக்காந்துட்டேன். எந்த மகராசியோ பிள்ளைய வயித்துல தொலைச்சுட்டு, அதுக்கு வாங்குனதக் கொண்டாந்து இங்க வச்சிருக்கா. இல்லாட்டி இவ்ளோ நேர்த்தியா அடுக்கிக் காட்டுக்குள்ள யாரு வைப்பா? பால் வடியற மரமாப் பாத்து வேற வச்சிருக்கா.”

எல்லாவற்றையும் தப்புத் தப்பாகப் புரிந்துகொண்டவள், பொம்மை விஷயத்தில் மட்டும் துளி பிசகாமல் சரியாகச் சொல்லிவிட்டாள். அவள் பவித்ரனைப் பார்த்தாள். அவன் கால்வாயைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“என் தம்பி பொண்டாட்டி துளசிக்கு ரொம்ப நாளா இல்ல. அவளுக்காக ஒரு தொட்டி கட்டுனேன், மறு வருசம் பொறந்துச்சு. அதோட தாமானு சனம் முழுக்க வருது. ஐயரு எங்க வரப் போறாரு இங்க? வெள்ளிக்கெழம நாந்தான் சூடம் கொளுத்தி, அந்தத் தாளுல இருக்கற பேரெல்லாம் படிப்பேன்.”

“தாளுல இருக்கற பேரா?” என்றான் பவித்ரன்.

“பின்ன? அர்ச்சனைக்குத்தானே எழுதிட்டுப் போறாங்க? நட்சத்திரந்தான் ஒருத்தரும் எழுத மாட்டேங்கறாங்க. டீம் துரியான் குடும்பம் நல்லா இருக்கணும், ஹெல்கா நல்லா இருக்கணும், வோங் வீட்டுல கேட்டது கெடைக்கணும், இப்படிச் சொல்லிருவேன்.” அவள் துடைப்பத்தை மரத்தில் சாய்த்தாள். “ஆனா மொத சூடம் அவங்களுக்கு இல்ல. பொம்மைய வச்சுட்டுப் போனாளே, அவளுக்கு. அவ பேரு எழுதல. அதனால ‘பேரு சொல்லாம போன மகளுக்கு ஒரு பிள்ளையக் குடு’ன்னு கேப்பேன். ஒரு வெள்ளிகூட விட்டதில்ல. காய்ச்சலோடகூட வந்திருக்கேன்.”

தினேஸ்வரியின் கண்ணில் தண்ணீர் முட்டியது. கூடவே ஆத்திரமும் வந்தது, அதை மறைப்பானேன்? முகம் தெரியாத ஒருத்தி வாரம் தவறாமல் காடு தேடி வந்து தனக்காகச் சூடம் கொளுத்தியிருக்கிறாள். அந்த வெள்ளிக்கிழமைகளில் இவள் ஏதோ ஓர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். இத்தனை பேருக்குக் கொடுத்த மரம், டப்பாவை வைத்தவளுக்குக் கொடுக்கவில்லையா?

“கட்டுனவங்க எல்லாருக்கும் கெடைச்சிருச்சாக்கா?” என்று கேட்டாள். குரல் கொஞ்சம் முரடாகவே வந்தது.

“எல்லாருக்குமா? யாரு சொன்னா? கெடைக்காதவங்கதான் நெறைய.” காளியம்மா இதில் ஒளிக்க என்ன இருக்கிறது என்பதுபோல் பார்த்தாள். “அவங்களும் ஒரு நா வருவாங்க. வந்து அவங்க தொட்டிய அவங்களே அவுத்துட்டுப் போவாங்க. வேற ஆளு அவுக்கக் கூடாது. மழைல அழுகித் தொங்குனாலும் நான் தொட மாட்டேன். கட்டுனவதான் அவுக்கணும். அவுத்துட்டு இங்கயே ஒக்காந்து சோறு சாப்பிடுவாங்க. நான் பொட்டலம் கட்டிக் கொண்டாந்து குடுப்பேன். சிலரு அழுவாங்க, சிலரு வீட்டுக் கதைய பேசிட்டுப் போவாங்க.”

“சாமிக்குக் கோவம் வராதா?”

“எதுக்கு? கேட்டா, கெடைக்கல, எந்திரிச்சுப் போறா. இதுல சாமி கோவிக்க என்னா இருக்கு?”

ஆஸ்பத்திரியில் இப்படி யாரும் சொன்னதில்லை. அங்கே தொடங்குவதற்குத்தான் ஆயிரம் வழிமுறை. ஊசிக்கு ஒரு நேரம், மாத்திரைக்கு ஒரு நேரம், படுக்க ஒரு முறை, எழ ஒரு முறை. நிறுத்துகிறவள் எப்படி நிறுத்த வேண்டும் என்று ஒருத்தரும் சொல்லித் தரவில்லை. போனில் ‘வேண்டாம்’ என்று சொல்லிவிட்டு வைத்துவிட வேண்டும், அவ்வளவுதான். அந்த ‘வேண்டாம்’ தன் வாயிலிருந்து வரப்போகிறதே என்றுதான் இத்தனை நாளும் பயந்தது என்று தினேஸ்வரிக்கு அங்கே நிற்கும்போது புரிந்தது. டாக்டர் மேசையைப் பார்த்துக்கொண்ட அன்றைக்கே அவளுக்குப் பதில் தெரியும்.

காளியம்மா சூடத்தைப் பிரித்துக்கொண்டே கேட்டாள். “அந்த மக இந்நேரம் எங்கயோ நல்லா இருப்பால்ல? ஒண்ணாச்சும் பொறந்து ஓடி வெளையாடும்ல?”

“இல்லக்கா” என்றாள் தினேஸ்வரி. “பொறக்கல. அது நாந்தான்.”

காளியம்மாவின் கை நின்றது. அவள் தினேஸ்வரியை மேலும் கீழும் பார்த்தாள். பவித்ரன்தான் தாங்க முடியாமல் போனை எடுத்து, விளையாட்டு, எண்கள், தாளில் பெயர் என்று எல்லாவற்றையும் தலைகால் புரியாமல் கொட்டினான்.

“அப்ப இந்த ஹெல்கா, துரியானெல்லாம் வெளையாட வந்தவங்களா?”

“ஆமாக்கா. மன்னிச்சுக்குங்க.”

காளியம்மா கையிலிருந்த சூடத்தை மேடையில் வைத்தாள். “பேரு எழுதிட்டுப் போனாங்கல்ல? நான் சொன்னது சொன்னதுதான். நல்லா இருந்துட்டுப் போவட்டும்.” பிறகு தினேஸ்வரியின் கையைப் பிடித்து மரத்தின் மறுபக்கம் கூட்டிப் போனாள். தாழ்ந்த கிளையில் பச்சைச் சேலைத் துண்டில் ஒரு தொட்டில். “இது ஒனக்குக் கட்டுனது. நான் கட்டுனதால துணி நைஞ்சு போனா நானே மாத்திக் கட்டுவேன், ஆனா அவுக்க வேண்டியது நீதான். நீயே வந்துட்ட. இருக்கட்டுமா, அவுக்கறியா? ஒன் இஷ்டம்.”

தினேஸ்வரி முடிச்சின் மேல் கை வைத்தாள்.

“வேணாம்” என்றான் பவித்ரன்.

அவள் திரும்பினாள். போதும் என்று சொன்னவன் முகம் கோணி நின்றான். “இருக்கட்டும் தினேஸ். அவுக்காத. இன்னும் ஒண்ணு இருக்குல்ல. ஒரு தடவ, ஒரே ஒரு தடவ…” சொல்லும்போதே அவனுக்குக் கண்ணீர் வழிந்தது. இத்தனை வருஷத்தில் அவன் அழுது அவள் பார்த்ததில்லை. ‘ஒங்களுக்கு என்னா வந்துச்சு’ என்று காலையில் இவனைத்தான் கேட்டாள். அவளுக்குத் தன் மேலேயே வெறுப்பாக இருந்தது. அவள் உடம்புக்காக மட்டும்தான் அவன் போதும் என்றிருக்கிறான். அவனுடைய பிள்ளை ஆசை இன்னும் தீரவே இல்லை.

“பவி, இங்க வாங்க.”

அவன் வந்தான்.

“என்னால முடியல பவி. நெசமாவே முடியல. நாளைக்கு நானே போன் பண்ணிச் சொல்லிர்றேன். இத மட்டும் என்னைய தனியா அவுக்க விடாதீங்க.”

முடிச்சு மழையில் இறுகிக் கிடந்தது. அவள் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள, அவன் நகத்தால் நெம்பினான். மூக்கை உறிஞ்சிக்கொண்டே நெம்பினான். கடைசியில் அது கழன்று வந்தது. உள்ளே கிடந்த கூழாங்கல்லைக் காளியம்மா வாங்கிக் கால்வாயில் போட்டாள். துணியை மடித்துத் தினேஸ்வரியிடம் கொடுத்தாள்.

பெட்டியை அவர்கள் எடுக்கவில்லை. பவித்ரன் அங்கேயே நின்று, விளையாட்டின் பட்டியலிலிருந்து அந்த இடத்தை நீக்கிவிட்டான். இனி எண்களைப் பிடித்துக்கொண்டு யாரும் வரமாட்டார்கள். காளியம்மா இன்றைக்குச் சோறு கட்டி வரவில்லையே என்று அங்கலாய்த்துவிட்டு, மோட்டார் கூடையிலிருந்த ரொட்டிப் பொட்டலத்தை எடுத்து மூன்றாகப் பிய்த்தாள். மேடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தின்றார்கள்.

“வெள்ளிக்கெழமைக்கு என்னா செய்ய?” காளியம்மா கையைத் தட்டிக்கொண்டு கேட்டாள். “மொத சூடம் ஒனக்குத்தான் பழக்கமாயிருச்சு. இனிமே சொல்லவா, நிப்பாட்டிரவா?”

தினேஸ்வரி பவித்ரனைப் பார்த்தாள். அவன் சரி என்று தலையை ஆட்டினான்.

“சொல்லுங்கக்கா. தினேஸ்வரி, பவித்ரன். ஒண்ணும் கேக்க வேணாம். பேர மட்டும் சொல்லுங்க.”